பெங்களூரு பி.எட்.டை மயிலாடுதுறைக்கு ‘மாற்றுவது’ எப்படி?

கேள்வி: எங்கள் பூர்வீகம் குத்தாலம் பக்கம். அப்பா 1980களிலேயே பெங்களூருக்குப் போய்விட்டதால் நான் பிறந்து படித்ததெல்லாம் அங்கேதான். பள்ளியில் முதல் மொழி கன்னடம். பி.எஸ்சி. (இயற்பியல், வேதியியல், கணிதம்) 2014, பி.எட். 2017. இரண்டும் பெங்களூரு பல்கலைக்கழகம். கர்நாடக டெட் இரண்டாம் தாள் பாஸ். தனியார் பள்ளி ஒன்றில் ஏழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி இப்போது மயிலாடுதுறைக்கே குடிவந்துவிட்டோம். ஆசிரியர் சான்றிதழைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால்தான் வேலை என்கிறார்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாற்றித் தர இருபதாயிரம் கேட்கிறார்கள். எங்கே போய், எதை மாற்றுவது? தமிழ் நன்றாகப் பேசுவேன், எழுதத்தான் தடுமாற்றம். சாதிச் சான்று கர்நாடகத்தில் வாங்கிய பி.சி.
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இருபதாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மாற்றித் தருவதற்கு அப்படி ஒரு சான்றிதழே நம் நாட்டில் கிடையாது. அமெரிக்கா மாதிரி நாடுகளில் ஒவ்வொரு மாநிலமும் ஆசிரியருக்கு உரிமம் தருகிறது. மாநிலம் மாறினால் புது மாநிலத்தில் உரிமம் வாங்க வேண்டும். இங்கே உரிமம் இல்லை. பட்டம், பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) என்று மூன்று தனித்தனித் தாள்கள்தான். பட்டத்தைத் தந்த பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது, நீங்கள் பி.எட். படித்த கல்லூரிக்கு அந்த ஆண்டுகளில் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இருந்தது என்றால் முதல் இரண்டும் நாடு முழுக்கச் செல்லும். மாநில எல்லையில் நின்றுபோவது மூன்றாவது தாள், அதாவது கர்நாடக டெட்.

ஆனால் ‘செல்லும்’ என்பதும் ‘இந்த வேலைக்குப் போதும்’ என்பதும் ஒன்றல்ல. உங்கள் ஊரைச் சுற்றி உங்களுக்கு நாலு வாசல் இருக்கிறது. தனியார் பள்ளி, மத்திய அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மாநில அரசுப் பள்ளி. ஒவ்வொரு வாசலிலும் கேட்கும் தாள் வேறு. எந்த வாசல் என்று முடிவு செய்யாமல் எல்லாத் தாளையும் சேர்க்கக் கிளம்பினால் ஒரு வருஷம் அலைச்சலில் போய்விடும்.

தனியார் பள்ளிதான் சுலபம். சி.பி.எஸ்.இ. ஆனாலும் மெட்ரிக் ஆனாலும் இருக்கிற தாள்களோடு நாளைக்கே போகலாம். டெட் விஷயத்தில், அரசு உதவி பெறாத பள்ளிகள் அந்தந்த மாநில டெட்டையோ மத்திய அரசின் சி-டெட்டையோ எடுத்துக்கொள்ளலாம் என்று என்.சி.டி.இ.யின் 2011 வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. வெளிமாநில டெட் அதில் இல்லை. டெட் இல்லாமலே வேலைக்கு எடுக்கும் பள்ளிகள் நிறைய உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிர்வாகங்கள் கொஞ்சம் விழித்திருக்கின்றன. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள், ஏற்கெனவே பணியில் இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. (சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.) ஆகவே டெட் கையில் இருக்கும் கணக்கு டீச்சருக்கு இப்போது மதிப்பு கூடுதல். ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் ஆள் எடுப்பு மார்ச் முதல் மே வரை சூடு பிடிக்கும்.

இங்கே ஒரே ஓர் எச்சரிக்கை. அசல் சான்றிதழைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பள்ளியை விட்டு விலகும்போது ‘மாற்று ஆள் வந்தால்தான் தருவோம்’ என்று பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வது டெல்டாவில் பழைய கதை.

அடுத்து மத்திய அரசுப் பள்ளிகள். உங்கள் பட்டத்துக்கு மிகப் பொருத்தமான வாசல் இதுதான் என்பது என் கருத்து. கேந்திரிய வித்யாலயாவில் (கே.வி.) டி.ஜி.டி. கணிதம், அதாவது பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர் என்ற பணிக்கு என்ன கேட்கிறார்கள் தெரியுமா? பட்டப்படிப்பில் கணிதமும், அதோடு இயற்பியல், வேதியியல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், புள்ளியியல் ஆகியவற்றில் ஏதாவது இரண்டும் வேண்டும். உங்கள் ‘பி.சி.எம்.’ அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. 50 சதவீத மதிப்பெண், பி.எட்., சி-டெட் இரண்டாம் தாள் இருந்தால் தகுதி முடிந்தது. நிரந்தரப் பணிக்கு அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். பணியிடம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கே.வி.யும் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் வைக்கும். அந்த அறிவிப்பு அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில்தான் வரும். பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும்.

காரைக்காலையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. காரைக்கால் புதுச்சேரிக்குச் சேர்ந்தது என்பதால் அங்கே உண்டு. டெல்டாவுக்குள் இருக்கும் ஒரே நவோதயா அதுதான். அங்கே ஒரு கே.வி.யும் இருக்கிறது. காரைக்கால் அரசுப் பள்ளிகள் வேறு கதை. அவை புதுச்சேரி அரசின் வேலை, புதுச்சேரி இருப்பிடம் கேட்பார்கள். அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

சி-டெட் இல்லை என்றால் உடனே எழுதுங்கள். 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், 90 எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. முதல் மொழியாகக் கன்னடத்தையே எடுக்கலாம், இரண்டாவது ஆங்கிலம். உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தடுமாற்றம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. டெட் சான்று ஏழு ஆண்டுதான் செல்லும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2011 முதல் வாங்கிய எல்லாச் சான்றுக்கும் ஆயுள் முழுக்கச் செல்லுபடி என்று 2021இல் மாற்றியாகிவிட்டது.

கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று அரசு உதவி பெறும் பள்ளிகள் நம் பகுதியில் அதிகம். நிர்வாகம் நியமிக்கும், கல்வித் துறை ஒப்புதல் தரும், ஒப்புதல் வந்தால்தான் அரசுச் சம்பளம். ‘சேர்ந்துகொள்ளுங்கள், ஒப்புதல் பிறகு வரும்’ என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். அது அனுமதிக்கப்பட்ட பணியிடமா? மாணவர் எண்ணிக்கைப்படி அந்தப் பள்ளியில் உபரி ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா? உபரி இருந்தால் ஒப்புதல் கோப்பு நகராது. வருஷக்கணக்கில் நிர்வாகம் கொடுக்கும் சொற்பத் தொகையில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி மாநில அரசுப் பள்ளி. தாள்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தமிழ்நாட்டு டெட்டைத் திரும்ப எழுதியாக வேண்டும். நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம், டி.ஆர்.பி. நீங்கள் பி.எட். என்பதால் இரண்டாம் தாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கான ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆகவே முதல் தாளுக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30, கணிதம்–அறிவியல் 60 என மொத்தம் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு எவ்வளவு சலுகை என்பதை அந்த முறை வரும் அறிவிக்கையில் பாருங்கள்.

முதல் மொழிப் பட்டியலில் தமிழ், தெலுங்கு, மலையாளம், உருதுவோடு கன்னடமும் இருக்கும். ஆசைப்பட்டுத் தொடாதீர்கள். டெல்டாவில் கன்னட வழி அரசுப் பள்ளிக்கு எங்கே போவது? தவிரவும் டெட் தேறினால் வேலை என்ற காலம் போய்விட்டது. 2018இல் வந்த அரசாணை எண் 149இன்படி டெட் தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2013இல் டெட் தேறிவிட்டு இன்னமும் காத்திருப்பவர்களின் போராட்டச் செய்தி அவ்வப்போது வருகிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டித் தேர்வில் ‘கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தேர்வு’ என்று ஒரு பகுதி உண்டு. 2021 டிசம்பர் அரசாணை கொண்டுவந்தது. 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைந்தது 20 எடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் 12 கேள்வி சரியாக இருந்தால் போதும். ஆனால் அந்த 12 வராவிட்டால் உங்கள் கணித விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் புலியாக இருந்தும் இதில் விழுந்தவர்கள் உண்டு.

தரம் பத்தாம் வகுப்பு. பிரித்து எழுதுக, எதிர்ச்சொல், வேர்ச்சொல், ஒருமை–பன்மைப் பிழை, சந்திப்பிழை, ஒலி வேறுபாடு அறிந்து பொருள் தருக என்று வரும். வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் சறுக்குவது கடைசி இரண்டில். அலை, அழை, அளை மூன்றும் காதில் ஒன்றுபோல விழும். தாளில் மூன்று பொருள். கன்னடத்தில் ழகரம் இப்போது புழக்கத்தில் இல்லை என்பதால் உங்களுக்கு ள–ழ குழப்பம் கூடுதலாகவே இருக்கும். சந்தியும் அப்படித்தான். ‘அதை கேட்டான்’ என்று எழுதினால் பேச்சில் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள். அங்கே ‘அதைக் கேட்டான்’ வர வேண்டும். இதற்குக் கோச்சிங் சென்டர் தேவையில்லை. ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் பாடநூல்களை எடுத்து, ஒவ்வொரு இயலின் கடைசியில் இருக்கும் ‘கற்கண்டு’ பகுதியையும் பயிற்சிக் கேள்விகளையும் கையால் எழுதிப் பழகுங்கள். படித்தால் மட்டும் போதாது, எழுத வேண்டும். ஆறு மாதம் தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் 12 கேள்வி பெரிய விஷயமில்லை. பணி கிடைத்த பின்பும் தமிழைப் பள்ளியில் படிக்காதவர்கள் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தமிழ்மொழித் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்பதால் இந்த உழைப்பு வீணாகாது.

இப்போது முக்கியச் சிக்கல், உங்கள் பட்டம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதம் என்றால் கணிதமே முதன்மைப் பாடம். இயற்பியலும் மற்றதும் துணைப் பாடம். கர்நாடகத்துப் பழைய முறையில் மூன்று பாடமும் சம எடை. டெட்டுக்கு இது தடையில்லை, பட்டமும் பி.எட்.டும்தான் அங்கே கணக்கு. பணி நியமனத்துக்கு வரும்போது, பட்டதாரி ஆசிரியர் (கணிதம்) பணிக்கு கணிதத்தில் பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் முதன்மைப் பாடம் என்ற கட்டத்தில் நீங்கள் ‘கணிதம்’ என்று தேர்ந்தெடுத்துவிட்டுத் தேர்வும் எழுதிவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் மதிப்பெண் பட்டியலை விரித்தவுடன் கேள்வி வரும். அப்போது ‘எங்கள் ஊரில் அப்படித்தான்’ என்ற பதில் எடுபடாது. இணைத்தன்மை அரசாணை, அதாவது உங்கள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்பார்கள்.

இணைத்தன்மையை ஆராய்வது தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு. அதன் பரிந்துரையில் உயர்கல்வித் துறை அரசாணை போடும். முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பல்கலைக்கழகத்தின் அதே பட்டத்துக்கு ஏற்கெனவே அரசாணை வந்திருக்கிறதா என்று தேடுவது. வந்திருந்தால் அதன் நகலே போதும். இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, நீங்கள் படித்த ஆண்டுகளுக்கான முழுப் பாடத்திட்டம் (பல்கலைக்கழக முத்திரையுடன்) வேண்டும். பாடத்திட்டம்தான் உயிர்நாடி. இணையத்தில் கிடைக்கும் இன்றைய பாடத்திட்டத்தை அச்செடுத்து வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2011–14 பாடத்திட்டம்தான் வேண்டும். இன்னொன்று, டி.ஆர்.பி. அறிவிக்கை வந்த பிறகு ஓடி வாங்கும் அரசாணை அந்த முறைக்கு உதவாது என்றே வைத்துக்கொண்டு இப்போதே தொடங்குங்கள்.

பி.எட்.டுக்கு இணைச் சான்று கேட்டால் அணுக வேண்டிய இடம் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். பள்ளிச் சான்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். ‘பி.யு.சி.’ என்ற சொல்லால் ஒரு வேடிக்கை நடக்கும். நம் ஊரில் பி.யு.சி. என்றால் 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் கல்லூரியில் படித்த ஓராண்டுப் படிப்பு. கர்நாடகத்தில் இன்றும் இரண்டு ஆண்டு பி.யு.சி.தான் பிளஸ் டூ. விண்ணப்பத்தில் ‘மேல்நிலை இரண்டாம் ஆண்டு’ என்ற கட்டத்திலேயே அதைப் பதியுங்கள். முதலாமாண்டு, இரண்டாமாண்டு என இரண்டு மதிப்பெண் பட்டியலையும் கையில் வைத்திருங்கள்.

சாதிச் சான்றுக்கு வருவோம். கர்நாடக பி.சி. சான்று இங்கே செல்லாது. அதை வைத்து விண்ணப்பித்தால் பொதுப் பிரிவில்தான் கணக்கு. கணவர் ஊர்க்காரர் என்பதால் கணவர் பெயரைப் போட்டு ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். திருமணமான பெண்களுக்கும் தந்தை பெயரில் உள்ள சான்றைத்தான் டி.ஆர்.பி. ஏற்கும். உங்களுக்கு நல்ல விஷயம், அப்பாவின் பூர்வீகம் குத்தாலம். அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்று, அவரது சாதிச் சான்று, தாத்தா பெயரில் பட்டாவோ பத்திரமோ இருந்தால் அது, உங்கள் பிறப்புச் சான்று ஆகியவற்றோடு குத்தாலம் தாலுகாவில் இ-சேவை மூலம் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய், பி.சி. சான்றில் கையெழுத்திடுவது மண்டலத் துணை வட்டாட்சியர். குடும்பம் நாற்பது வருஷமாக வெளியே இருப்பதால் வி.ஏ.ஓ. விசாரணையில் கேள்வி வரும், ஒரு முறை நிராகரித்தாலும் நிராகரிப்பார்கள். பழைய தாள்களில் ‘மாயூரம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா’ என்றுதான் இருக்கும். 1982இல்தான் மாயூரம் மயிலாடுதுறை ஆயிற்று. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது, 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் வந்தது. ஒரே ஊர்தான் என்று தாலுகா ஆபீஸில் விளக்கத் தேவையிருக்காது. அப்பாவின் கர்நாடகத் தாள்களில் இருக்கும் ஊர்ப்பெயரும் இதுவும் ஒத்துப்போகிறதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை உங்களுக்குப் பொருந்தாது.

பெயர் விஷயத்தில் கர்நாடகத் தாள்கள் தனி ரகம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இன்ஷியல் பின்னால், பட்டத்தில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தால் ஒவ்வொரு மேஜையிலும் நிற்க வேண்டிவரும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரே அடிப்படை. ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துவது சுலபம். சான்றிதழைத் திருத்துவது கஷ்டம். பெயரே மாறிவிட்டிருந்தால் அரசிதழில் வெளியிட்ட நகல் வேண்டும்.

கடைசியாக, பெங்களூருக்கு ஒரு முறை போய்வாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2017இல் பெங்களூரு பல்கலைக்கழகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உங்கள் கல்லூரி இன்று வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கலாம். ஆனால் பட்டம் கொடுத்தது பழைய பல்கலைக்கழகம் என்பதால் ஞானபாரதி வளாகத்துக்குத்தான் போக வேண்டும். பட்டமளிப்புச் சான்று வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். தற்காலிகச் சான்றோடு பல வருஷம் ஓட்டிவிட்டவர்கள் அதிகம், இங்கே அது போதாது. பாடத்திட்ட நகலை அதே பயணத்தில் வாங்குங்கள். உண்மைத்தன்மை சரிபார்ப்புக்கு என்ன கட்டணம், எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள். அரசுப் பணியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்ந்தால் உங்கள் ஒவ்வொரு சான்றும் வழங்கிய இடத்துக்கே போய் ‘உண்மைத்தன்மை’ வாங்கி வர வேண்டும். வெளிமாநிலச் சான்று என்றால் கடிதம் போய்ப் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும், அது வரும் வரை பணி வரன்முறைக் கோப்பு அசையாது. எஸ்.எஸ்.எல்.சி.க்கும் பி.யு.சி.க்கும் முன்பு தனித்தனி வாரியம். இப்போது இரண்டும் கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம் என்ற ஒரே குடையின் கீழ்.

வேலை பார்த்த பள்ளியில் அனுபவச் சான்று வாங்கும்போது எந்த வகுப்புகளுக்கு என்ன பாடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் இருந்தால்தான் இங்கே கனம். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பள்ளி பதிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பதியவில்லை என்றால் கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். அந்தத் தேதி இல்லாமல் பழைய பணம் புதுப் பள்ளிக் கணக்குக்கு நகராது.